புதிய கெர்னல், பழைய டிரைவர்: ஐந்து வழிகளில் எதைப் பிடிப்பது?

"சர்வரைப் புதிய லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன். எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஃபேன் வேகம், பவர் சப்ளை, ரெய்டு டிஸ்க்குகளின் நிலை எதுவும் காட்டவில்லை. பழைய டிரைவரைக் கம்பைல் பண்ணினால் பக்கம் பக்கமாக எரர் வருகிறது. இனி என்ன செய்ய?"

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் பலர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவிலிருந்து (விநியோகத் தொகுப்பிலிருந்து) வருகிறவர்கள். அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதில் இருந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 3.10, 2013-இல் வந்தது. அங்கிருந்து நேராக 5.14 கெர்னல் உள்ள ராக்கி 9, அல்மா 9 பக்கமோ, 6.1 உள்ள டெபியன் 12 பக்கமோ தாவுகிறார்கள். எட்டு, ஒன்பது வருட மாற்றத்தை ஒரே ராத்திரியில் தாண்டினால் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும்.

அது உடைந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் நாலு டிஸ்க் போட்ட ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தங்கும் ஏற்பாடு) சர்வர் ஒன்று இருந்தது. ரெய்டு கார்டின் நிலையைக் கேட்டு, வரும் பதிலில் "ஃபெயில்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடும் சின்ன ஸ்கிரிப்டை நான்தான் எழுதிவைத்திருந்தேன். சொல் இருந்தால் மெயில் போகும். கெர்னல் அப்டேட் ஆனது, ஹார்டுவேரின் நிலையைச் சொல்லும் மேனேஜ்மென்ட் டிரைவர் லோடு ஆகவில்லை, கார்டைக் கேட்கும் புரோகிராம் எதுவும் சொல்லாமல் காலியாகத் திரும்பி வந்தது. காலிப் பதிலில் "ஃபெயில்ட்" எங்கிருந்து இருக்கும்? மூன்று மாதம் எல்லாம் பச்சையாகவே இருந்தது. ஏசி சர்வீஸ் பண்ண வந்தவர்தான், "சார், இதுல ஒரு ஆரஞ்சு லைட் எரியுதே, அப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். ஒரு டிஸ்க் எப்போதோ போயிருந்தது. இன்னொன்று போயிருந்தால் மொத்த டேட்டாவும் போயிருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையில் டிரைவரை எப்படிக் கம்பைல் ஆக வைப்பது என்பதைவிட, அந்த டிரைவர் உங்களுக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வழியில் என்பதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

## கெர்னல் ஏன் டிரைவரை உடைக்கிறது

இது தெரியாமல் ஒப்பிட முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலுக்கு இரண்டு முகம். வெளியே, சாதாரண புரோகிராம்களைப் பார்த்த முகம் மாறாது. யூசர்ஸ்பேஸை, அதாவது அந்தப் புரோகிராம்களை, உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகவும் கறார். உள்ளே, டிரைவர்களைப் பார்த்த முகத்துக்கு அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது. அது ஏன் கிடையாது என்று விளக்க, கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய ஒரு பக்கம் கெர்னலின் ஆவணங்களுக்குள்ளேயே இருக்கிறது. அவர் சொல்வது எளிது: டிரைவரைக் கெர்னலுக்குள் கொடுத்துவிடுங்கள், உள்ளே எதை மாற்றுகிறவரும் உங்கள் டிரைவரையும் சேர்த்தே மாற்றிவிடுவார். வெளியே வைத்துக்கொண்டால் அந்த வேலை உங்கள் தலையில்.

வேலை எவ்வளவு என்பதற்குச் சில உதாரணங்கள். 2018-இல் வந்த 4.15-இல் டைமர்களை அமைக்கும் முறை மாறியது. 2019-இல் 5.0-இல், யூசர் நினைவகத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் ஓர் ஆர்க்யுமென்ட் குறைந்தது. 2020-இல் 5.6-இல், ப்ராக் கோப்புகளுக்குத் தனி ஸ்ட்ரக்ச்சர் வந்தது; அதே பதிப்பில் பழைய நேரம் கேட்கும் ஃபங்ஷன் ஒன்றும் போனது. 2023-இல் 6.4-இல், டிவைஸ் கிளாஸ் உருவாக்கும் ஃபங்ஷனில் ஓர் ஆர்க்யுமென்ட் போனது. 2024-இல் 6.11-இல், பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தரக் கூடாது என்றானது. 2025-இல் 6.15-இல், டைமரை நீக்கும் பழைய ஃபங்ஷனின் பெயரே காணாமல் போனது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் நிற்பதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

நாலு கேள்விகள். முதலாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்த டிரைவர் செத்தால் உங்களுக்கு எப்போது தெரியும்? நெட்வொர்க் டிரைவர் போனால் அடுத்த நிமிடமே போன் வரும். டிஸ்க் டிரைவர் போனால் மெஷின் பூட்டே ஆகாது. மேனேஜ்மென்ட் டிரைவர் அப்படியல்ல. அது இல்லாமலும் சர்வர் ஜம்மென்று ஓடும். எந்த வழியை எடுத்தாலும், அது சத்தமில்லாமல் சாகுமா, சத்தம் போட்டுச் சாகுமா என்று பாருங்கள்.

பார்க்க மட்டுமா, கை வைக்கவுமா? சூடு, ஃபேன் வேகம், பவர் சப்ளை நிலை ஆகியவற்றைப் படிப்பது ஒன்று. ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, ஃபர்ம்வேர் ஏற்றுவது, மெஷின் தொங்கினால் தானாக ரீபூட் செய்யும் வாட்ச்டாக் வேறு. முதலாவதற்குப் பல வழி உண்டு. இரண்டாவதற்கு வழிகள் குறையும், ஆபத்தும் கூடும்.

ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் கைவேலை எவ்வளவு, அதை யார் செய்வார்? இன்று நீங்கள் செய்வீர்கள். வேலை மாறிப் போனால்?

சீக்யூர் பூட் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் டிரைவர்த் துண்டு) உள்ளே போகாது. வெளி டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் இது கூடுதல் வேலை.

## வழி 1: கெர்னலோடு வருவதற்கு மாறுவது

தயாரிப்பாளரின் சிடியிலோ தளத்திலோ இருந்து எடுத்த டிரைவர் இல்லாமல் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அதே வேலையைச் செய்யும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே பல வருடமாக இருப்பது தெரிவதில்லை. ஐபிஎம்ஐ என்பது சர்வர் ஹார்டுவேரைக் கண்காணிக்க 1998-இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து கொண்டுவந்த தரம். அதற்கான டிரைவர்கள் எல்லாம் கெர்னலில் உண்டு. டெல் சர்வர்களின் மேனேஜ்மென்ட் மென்பொருளுக்கு வேண்டிய அடிப்படை டிரைவர் 2005-லேயே 2.6.14-இல் உள்ளே வந்தது. எச்பி சர்வர்களின் மேனேஜ்மென்ட் சிப்பான ஐலோவுக்கான டிரைவர் 2008-இல் 2.6.27-இல் வந்தது. மதர்போர்டு சென்சார் சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு, கெர்னலின் எச்டபிள்யூமான் (ஹார்டுவேர் கண்காணிப்பு) பகுதியில் டிரைவர் இருக்கிறது.

அப்படியிருக்க ஏன் வேலை செய்யவில்லை? ஐபிஎம்ஐயில் வழக்கமாக நடப்பது இது. ஐபிஎம்ஐடூல் புரோகிராமை ஓட்டினால் டிவைஸ் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். உடனே டிரைவர் இல்லை என்று முடிவுகட்டி இணையத்தில் தேடப் போவார்கள். உண்மையில் ஹார்டுவேரோடு பேசும் மாட்யூல் ஏற்கெனவே லோடு ஆகியிருக்கும். டிவைஸ் கோப்பை உருவாக்கும் இன்னொரு மாட்யூல், ஐபிஎம்ஐ டெவ்இன்ட்எஃப், லோடு ஆகியிருக்காது. அதை ஒருமுறை மாட்ப்ரோப் கமாண்டால் லோடு செய்து, பூட்டின்போது லோடு ஆக வேண்டிய மாட்யூல்களின் பட்டியலிலும் ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது. இதற்காக மூன்று நாள் பழைய சோர்ஸ் கோடோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: பெயர்கள் மாறும். பழைய எச்பி ஸ்மார்ட் அரே ரெய்டு கார்டுகளுக்கு சிசிஐஎஸ்எஸ் என்றொரு டிரைவர் இருந்தது. 4.14-இல் அதை எடுத்துவிட்டு, அந்தக் கார்டுகளையும் எச்பிஎஸ்ஏ டிரைவரிடம் ஒப்படைத்தார்கள். பழையதில் டிஸ்க்குக்கு சிசிஐஎஸ்எஸ் என்று தனிப் பெயர், புதியதில் எஸ்டிஏ. மவுன்ட் பட்டியலில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) போடாமல் பழைய பெயரைப் போட்டு வைத்திருந்தால் அடுத்த பூட் எமர்ஜென்சி ஷெல்லில்தான் நிற்கும்.

சென்சார்களில் இது இன்னும் நுட்பமாகக் கடிக்கும். எச்டபிள்யூமான் டிரைவர்களுக்குக் கெர்னல் வரிசையாக எண் கொடுக்கும்: எச்டபிள்யூமான் 0, 1, 2. எந்த டிரைவர் முதலில் எழுந்ததோ அதற்கு முதல் எண். 2020 ஜனவரியில் வந்த 5.5 முதல் என்விஎம்இ டிஸ்க்குகளும் தம் வெப்பநிலையை இந்த வரிசையில் காட்ட ஆரம்பித்தன. 4.18-இல் "எச்டபிள்யூமான் 2-இன் முதல் வெப்பநிலை" என்று கேட்டால் சிபியு சூடு வந்த மெஷினில், 5.14-க்குப் போனதும் அதே கேள்விக்கு என்விஎம்இயின் சூடு வரலாம். ஸ்கிரிப்டுக்கு எதுவும் தெரியாது. 41 டிகிரி என்று படித்துக்கொண்டு ஃபேனை மெதுவாகவே ஓட்டும், சிபியு பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு எச்டபிள்யூமான் அடைவிலும் நேம் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைப் படித்து ஆளைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று, ஐபிஎம்ஐக்காக ஓடும் ஒரு கெர்னல் திரெட், சில மெஷின்களில் சிபியுவின் ஒரு கோரை முழுக்க எடுத்துக்கொள்வதுபோல் டாப் கமாண்டில் தெரியும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். அது எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று வரம்பு வைக்க மாட்யூலிலேயே அமைப்பு உண்டு.

டிஸ்ட்ரோவும் கழுத்தறுக்கலாம். கெர்னலில் டிரைவர் இருக்கும், ஆனால் ரெட் ஹாட் 8-இலும் 9-இலும் பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றின் அடையாள எண்களைத் தம் கட்டமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்ஸ்டாலர் "டிஸ்க்கே இல்லை" என்று சொல்லும். இதே மெஷினில் டெபியன் சாதாரணமாக ஏறும். அந்த நிலையில் டிரைவரைத் திருத்துவதா, டிஸ்ட்ரோவை மாற்றுவதா என்று யோசித்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றும். மாற்ற முடியாதவர்களுக்கு எல்ரெப்போ என்ற தன்னார்வக் களஞ்சியம் அந்தக் கார்டுகளுக்கான டிரைவர்களைத் தயார் மாட்யூலாகவே கொடுக்கிறது.

## வழி 2: டிகேஎம்எஸ்ஸிடம் விட்டுவிடுவது

டிகேஎம்எஸ் 2003-இல் டெல்லின் லினக்ஸ் குழு எழுதியது. டிரைவரின் சோர்ஸைக் கொடுத்துவிட்டால், புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்துவைக்கும். யாரோ ஒருவர் சோர்ஸைப் புதிய கெர்னல்களுக்கேற்ப ஒழுங்காகப் பராமரிக்கிறார் என்றால் இது மிக நல்ல ஏற்பாடு. ஐடி87 வகை சென்சார் சிப்பின் புதிய மாடல்கள் இருக்கும் போர்டுகளுக்கு, கெர்னலில் இருப்பதைவிட வெளியில் பராமரிக்கப்படும் பதிப்பு அதிக மாடல்களை அறியும். வீட்டில் அந்த மாதிரி ஒரு போர்டை வைத்துக்கொண்டு நான் செய்வது இதைத்தான்.

ஆனால் டிகேஎம்எஸ் கோடைத் திருத்தாது. திரும்பக் கம்பைல் செய்யும், அவ்வளவுதான். 6.4-இல் ஓர் ஆர்க்யுமென்ட் குறைந்தால் அதுவும் தோற்கும். தோற்கும் விதம்தான் பிரச்சினை. கெர்னல் பேக்கேஜ் ஒழுங்காக ஏறிவிடும். டிரைவர் கட்டப்படவில்லை என்ற வரி, அப்டேட்டின் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் போய்விடும். தானியங்கி அப்டேட் என்றால் அதையும் பார்க்க ஆள் இல்லை. சர்வர் ரீபூட் ஆவது நாலு மாதம் கழித்து, கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் புதிய கெர்னல் எழும், டிரைவர் இருக்காது. எப்போது உடைந்தது என்று தேடினால் நாலு மாதத்துக்கு முந்தைய லாக் வேண்டும்.

இதற்கு ஒரே மருந்து: அப்டேட் முடிந்ததும், ரீபூட்டுக்கு முன்னால், டிகேஎம்எஸ் நிலையைக் கேட்டு, புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே "இன்ஸ்டால்டு" என்று இருக்கிறதா பாருங்கள். இதையே ஒரு ஸ்கிரிப்டாக்கிக் கண்காணிப்பில் சேர்த்துவிடலாம். கெர்னல் ஹெடர் பேக்கேஜ் கெர்னலோடு சேர்ந்தே அப்டேட் ஆகிறதா என்பதையும் பாருங்கள். ஹெடர் இல்லாமல் கம்பைல் இல்லை.

சீக்யூர் பூட் இருந்தால் டிகேஎம்எஸ் கட்டும் மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை மெஷின் நம்ப வேண்டுமானால் மாக் எனப்படும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கமாண்டு கொடுத்து ரீபூட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். சில நொடிகளுக்குள் ஒரு கீயைத் தட்டி, வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தட்டாவிட்டால் அது பாட்டுக்குப் பூட் ஆகிவிடும், சாவி சேராது. ஆக, மெஷின் முன்னால் ஆள் உட்கார வேண்டும், அல்லது ரிமோட் கன்சோல் வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக மட்டும் பார்த்துக்கொள்ளும் சர்வரில் இதை ஆரம்பிக்கும் முன் யோசியுங்கள்.

புரொடக்‌ஷன் சர்வரில் கம்பைலர் வைத்திருக்கக் கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு. அங்கே இந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டுவிடும். ஒரு தனி மெஷினில் கட்டிப் பேக்கேஜாக அனுப்பலாம்தான், ஆனால் அதுவும் ஒரு ஆளின் வேலை.

## வழி 3: நாமே திருத்துவது

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எரர் செய்தியைத் தேடி, யாரோ போட்ட பேட்சை (திருத்தத்தை) எடுத்து, நாலு வரி மாற்றினால் கம்பைல் ஆகிவிடும் என்று. பல சமயம் ஆகவும் செய்யும். எனக்குப் பயம் அங்கேதான்.

4.15-இன் டைமர் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். சென்சாரை இத்தனை நொடிக்கு ஒருமுறை படிக்க வேண்டிய டிரைவர்களில் டைமர் கட்டாயம் இருக்கும். பழைய முறையில், டைமர் அடிக்கும்போது கூப்பிட வேண்டிய ஃபங்ஷனுக்கு ஓர் எண்ணை நாம் கொடுத்துவைப்போம். பெரும்பாலும் அது நம் டிரைவரின் ஸ்ட்ரக்ச்சர் இருக்கும் முகவரி. புதிய முறையில் அந்த எண் கிடையாது, டைமரின் முகவரிதான் வரும். டைமர் நம் ஸ்ட்ரக்ச்சருக்குள் எங்கே இருக்கிறதோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஸ்ட்ரக்ச்சரின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கெர்னலே அதற்கு ஒரு மேக்ரோ கொடுக்கிறது.

அவசரக்காரர் என்ன செய்வார்? டைப் பொருந்தவில்லை என்று கம்பைலர் கத்தியதும் ஒரு காஸ்ட் (கட்டாய டைப் மாற்றம்) போட்டு அதன் வாயை அடைப்பார். கம்பைல் ஆகிவிடும். லோடும் ஆகும். டைமர் முதல் முறை அடிக்கும்போது, டைமரின் முகவரியையே ஸ்ட்ரக்ச்சரின் தொடக்கம் என்று நினைத்து டிரைவர் படிக்கும், எழுதும். அது எழுதும் இடத்தில் வேறு ஏதோ ஒன்று இருக்கும். அந்த நிமிடமே கிராஷ் ஆனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆகாவிட்டால் ஒரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கும். கெர்னலுக்குள் ஓடும் கோடுக்கு வேலி கிடையாது.

அடுத்த பொறி பதிப்பு எண். "கெர்னல் 6.4-க்கு மேல் என்றால் இப்படி, கீழே என்றால் அப்படி" என்று பேட்சில் எழுதியிருப்பார்கள். உபுண்டு, டெபியனில் சரி. ரெட் ஹாட் குடும்பத்தில் (ராக்கியும் அல்மாவும் இதில்தான்) பெயர் 5.14 என்றுதான் இருக்கும்; உள்ளே, பின்னால் வந்த கெர்னல்களின் மாற்றங்கள் ஏராளமாகக் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கும். 9.2-இல் ஓடிய பேட்ச் 9.4-இல் உடையலாம், கெர்னல் எண் மாறியே இருக்காது. அவர்களே நிலையாக வைத்திருப்பதாகச் சொல்லும் ஃபங்ஷன் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் டிரைவர் அதற்குள் அடங்கினால் தப்பித்தீர்கள்.

சில தயாரிப்பாளர்களின் டிரைவரில் மேல் பூச்சு மட்டும் சோர்ஸாக இருக்கும்; உள்ளே முன்பே கம்பைல் செய்த பைனரி ஒன்று. அதைத் தொட வழியில்லை. அந்தப் பைனரி கூப்பிடும் ஃபங்ஷன் கெர்னலில் இல்லாமல் போனால் கதை முடிந்தது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்படியானால் எப்போது இது சரி? ஹார்டுவேர் அபூர்வமானது, மாற்ற முடியாதது, டிரைவர் முழுக்க ஜிபிஎல் (திறந்த மூல உரிமம்) சோர்ஸ், உங்களிடம் சி தெரிந்த ஆள் இருக்கிறார், சோதிக்க இரண்டாவது மெஷின் இருக்கிறது. இவ்வளவும் இருந்தால் செய்யுங்கள். செய்துவிட்டு உங்கள் லேப்டாப்பிலேயே பூட்டி வைக்காமல் கெர்னலுக்கே அனுப்பப் பாருங்கள். மறுஆய்வில் ஆயிரம் குறை சொல்வார்கள், சில மாதம் ஓடும். உள்ளே போய்விட்டால் அடுத்த முறை ஃபங்ஷனை மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் திருத்துவார்.

## வழி 4: டிரைவரே வேண்டாம்

சர்வர் போர்டு என்றால் அதில் பிஎம்சி என்றொரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கும். எச்பியில் ஐலோ, டெல்லில் ஐடிராக். மெயின் மெஷின் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். ஃபேன், சூடு, பவர் சப்ளை எல்லாம் அதற்கு நேரடியாகத் தெரியும். நாம் டிரைவர் போட்டு, ஏஜென்ட் போட்டுக் கேட்பதும் பெரும்பாலும் அதனிடம்தான். அப்படியானால் நெட்வொர்க் வழியாக நேரே அதனிடமே கேட்டுவிட்டால் என்ன?

ஐபிஎம்ஐயை யுடிபி 623 வழியாகக் கேட்கலாம். 2015-இல் டிஎம்டிஎஃப் என்ற தர அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ், அதையே எச்டிடிபிஎஸ், ஜேசான் என்று சாதாரண வெப் முறையில் தருகிறது. இதில் கெர்னல் எண்ணுக்கு வேலையே இல்லை. 3.10 ஓடினாலும் 6.12 ஓடினாலும் விண்டோஸே ஓடினாலும் ஒன்றுதான். முதல் கேள்விக்கும் இதுதான் நல்ல பதில்: பிஎம்சி பதில் சொல்லாவிட்டால் கண்காணிப்பு மெஷின் "ஆளைக் காணோம்" என்று உடனே சத்தம் போடும். செத்த டிரைவர்போல மௌனமாகப் பச்சை காட்டாது.

செலவு இல்லாமல் இல்லை. ஐபிஎம்ஐ 2.0-இன் லாகின் முறையில் அடிப்படையிலேயே ஓட்டை உண்டு: லாகின் முடியும் முன்பே, கேட்பவர் யாராக இருந்தாலும் பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டை ஊகித்துச் சரிபார்க்க உதவும் குறியை) கொடுத்துவிடும். 2013-லேயே வெளியான விஷயம், தரத்திலேயே இருப்பதால் பேட்ச் போட்டுத் தீராது. ஆகவே பிஎம்சிக்குத் தனி விலான் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) கட்டாயம். இன்டர்நெட் பக்கம் அதன் முகமே தெரியக் கூடாது. தனி நெட்வொர்க் என்றால் தனி ஸ்விட்ச் போர்ட், தனி கேபிள், பிஎம்சி ஃபர்ம்வேரை அப்டேட் செய்யும் வேலை. சில தயாரிப்பாளர்களிடம் ரிமோட் கன்சோல் போன்றவற்றுக்குத் தனி லைசென்ஸும் வாங்க வேண்டும்.

பழைய சர்வர்களில் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகள் பிஎம்சிக்குத் தெரியாமல் இருக்கலாம். என் ஆரஞ்சு லைட் சர்வர் அந்த ரகம்தான். அங்கே ஃபேனும் பவரும் பிஎம்சி வழியாக, ரெய்டு மட்டும் கெர்னலில் உள்ள டிரைவர் வழியாக என்று பிரித்துக்கொண்டேன். டெஸ்க்டாப் போர்டு, மினி பிசி வைத்திருப்பவர்களுக்கு பிஎம்சியே இருக்காது, இந்த வழி அவர்களுக்கு இல்லை.

## வழி 5: பழைய கெர்னலிலேயே இருப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க மாட்டேன். நெட்வொர்க்கே இல்லாத லேப் கருவி, ஆறு மாதத்தில் கழிக்கப்போகும் மெஷின், சான்றிதழோடு வந்த மருத்துவக் கருவி போன்றவற்றில் கை வைக்காமல் இருப்பதுதான் சரி.

மற்றவர்களுக்கு இதன் செலவு வட்டிக் கடன்போல ஏறும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். நீண்டகால ஆதரவு தரும் கெர்னல்களுக்கு முன்பு ஆறு வருடம் வரை ஆயுள் இருந்தது. அதை வழக்கமாக இரண்டு வருடம் என்று குறைப்பதாக 2023-இல் சொல்லிவிட்டார்கள். டிஸ்ட்ரோக்களின் கட்டண ஆதரவு வாங்கினால் நாள் கிடைக்கும். உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு ப்ரோ திட்டத்தில் பத்து வருடம் வரை உண்டு, தனிப்பட்ட பயனருக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். அதை வாங்கிவிட்டு நாலு வருடம் தூங்கினால் மறுபடி இதே இடத்தில்தான் நிற்பீர்கள், இன்னும் பெரிய தாண்டலோடு. கெர்னலை நிறுத்திவைக்கிறீர்கள் என்றால், எந்தத் தேதி வரை, அப்புறம் என்ன என்று ஒரு வரி எழுதி அந்த மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | செத்தால் தெரியுமா | அப்டேட்டின்போது வேலை | சீக்யூர் பூட் | யாருக்கு |
|---|---|---|---|---|
| கெர்னலோடு வருவது | ஓரளவு. பெயர், எண் மாற்றம் ஏமாற்றும் | மிகக் குறைவு | சிக்கல் இல்லை | முதலில் எல்லோரும் பார்க்க வேண்டியது |
| டிகேஎம்எஸ் | பார்க்காவிட்டால் தெரியாது | ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு | சாவி சேர்க்க வேண்டும் | சோர்ஸை யாரோ ஒழுங்காகப் பராமரிக்கும்போது |
| நாமே திருத்துவது | தெரியாது. தப்பாகவும் ஓடலாம் | மிக அதிகம் | சாவி நமது பொறுப்பு | அபூர்வ ஹார்டுவேர், சி தெரிந்த ஆள் |
| பிஎம்சி வழி | உடனே தெரியும் | இல்லை | சம்பந்தமே இல்லை | சர்வர் போர்டு உள்ளவர்கள் |
| பழைய கெர்னல் | இன்று ஓடுவது ஓடும் | இல்லை. திருத்தமும் இல்லை | இருந்தபடியே | தனித்த மெஷின், தேதி குறித்தவை |

## என்னிடம் கேட்டால்

ஒரே சர்வருக்கு ஒரே வழி என்று கட்டாயம் இல்லை. படிக்க மட்டும்தான் வேண்டும், பிஎம்சி இருக்கிறது என்றால் வழி 4, கண்ணை மூடிக்கொண்டு. ரெய்டு, வாட்ச்டாக் போன்றவற்றுக்கு வழி 1. டெஸ்க்டாப் போர்டில் சென்சார் சிப் கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால் வழி 2. வழி 3-க்குப் போகும் முன், அந்தக் கார்டை மாற்ற என்ன விலை ஆகும் என்று ஒருமுறை விசாரியுங்கள். பழைய சர்வர் பாகங்கள் விற்பவர்களிடம், ஒரு புரோகிராமரின் ஒரு வாரச் சம்பளத்தைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு டிரைவர்களை ஒரே சிப்பின் மேல் விடாதீர்கள். தயாரிப்பாளரின் பழைய மாட்யூலும் கெர்னலுடையதும் ஒரே போர்ட்டில் பேசினால் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார். ஃபேன் வேகம் திடீரென்று பூஜ்யம், அடுத்த நிமிடம் 25,000 என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. இரட்டைப் பவர் சப்ளை உள்ள சர்வர் என்றால், இரண்டும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வேலை குறைவான நேரத்தில் ஒன்றின் கேபிளைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். போனுக்குச் செய்தி வந்தால் கேபிளை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். வராவிட்டால் லாகைத் திறங்கள். நான் எழுதிய ஸ்கிரிப்டிலும் இப்போது முதல் வரி, "பதில் காலியாக வந்தால் அதுவும் ஃபெயில்தான்" என்று இருக்கிறது.